கயிறு அறுந்தது, கஞ்சி?

நடுத்தெருவில் கரடியை ஆட்டிவைத்த கொடுமை 2009-ஆம் ஆண்டோடு இந்நாட்டில் ஒழிந்தது. மூக்குக் கயிறு அறுந்தது, மகிழ்ந்தோம். ஆனால் கூண்டிலே ஆண்டெல்லாம் அதே கஞ்சி, அதே ரொட்டி என்றால், இது என்ன விடுதலை என்று கேட்கிறோம்.

நம் காட்டுக் கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியேதான் கரையானை உறிஞ்சுகிறது. புற்றைப் பிளக்கவே நீண்ட நகம். கோடையில் இலுப்பைப் பூ, அடுத்து நாவல், பனிக்காலத்தில் இலந்தை. தேடித் தின்பதே அதன் தொழில். தொழிலைப் பறித்துத் தட்டில் ஊற்றினால், முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவரோ, 'ஆடுகிறது' என்கிறார்!

செலவாகுமாம். நாவலும் இலந்தையும் சீமைச் சரக்கா? கல்லிடுக்கிலும் மரப்பொந்திலும் தீனியை ஒளித்துவைக்க ஆள்தான் கூடுதலாக வேண்டும். போடுங்கள் ஆளை; தினக்கூலிக்கல்ல, நிரந்தரமாக.