உமிச் சாம்பலும் இரண்டாவது பூச்சும்

அண்மையில் எமது நிலையத்துக்கு வந்த நண்பர் ஒருவர் யப்பானிய முறையில் கையால் வனையப்பட்ட தேநீர்க் கோப்பையொன்றைக் கொண்டுவந்திருந்தார். கோப்பையின் கீழ்ப்பாகம் நல்ல கறுப்பு. விளிம்பிலிருந்து பால் போன்ற வெண்மை வழிந்து இறங்கி, கறுப்பைத் தொடும் இடத்தில் நீலக் கோடுகளாகப் பிரிந்திருந்தது. அங்கிருந்த வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுவாமி, இந்த வெள்ளைக்கு என்ன மருந்து பூசியிருக்கினம்?"

"அது உமிச் சாம்பல், ஐயா."

"உமிச் சாம்பலோ? மில்லடியிலை குவிச்சுப்போட்டு எரிக்கிற சாமான் எல்லோ அது?"

அவர் சிரிக்கவில்லை. கோப்பையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். அவருடைய மௌனம் எம்மையும் சிந்திக்க வைத்தது. அந்தச் சிந்தனையின் பயனே இக்கட்டுரை.

மண்பாண்டத்தின் மீது ஒன்றன்மேலொன்றாகப் பூச்சிட்டுப் பரிசோதிப்பது வசதி படைத்த கலைஞர்களின் பொழுதுபோக்கு என்றும், காணியையும் வீட்டையும் விட்டு வந்த மக்களுக்கு அதனால் ஆகப்போவது என்ன என்றும் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எனினும் அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்பது எமது தாழ்மையான கருத்து. ஓரிடத்தின் மண்ணையும் கல்லையும் சாம்பலையும் பொறுமையோடு அறிந்துகொள்ளும் முறை அது. புதிய இடத்தில் வாழத் தொடங்குவோருக்கு அந்த முறை அந்நியமானதன்று.

பூச்சு என்பது யாது?

பாண்டத்தின்மேல் காணப்படும் பளபளப்பான பூச்சு பெயின்ற் அன்று. அது கண்ணாடி. கல்லையும் சாம்பலையும் களியையும் நன்றாக அரைத்து, நீரில் கரைத்து, ஒருமுறை சுட்ட பாண்டத்தை அதில் தோய்த்து எடுக்கிறார்கள். பாண்டம் நீரை உறிஞ்சிக்கொள்ள, தூள் மேலே படிந்து நிற்கும். மீண்டும் சூளையில் வைத்து 1250 முதல் 1300 பாகை செல்சியஸ் வரை சுடும்போது அத்தூள் உருகி மெல்லிய கண்ணாடியாகப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு மூன்று வேலையாட்கள் வேண்டும். கண்ணாடியாவதற்குச் சிலிக்கா. சிலிக்கா தனியே உருக 1700 பாகைக்கு மேல் வேண்டுமாதலால், அதை விரைவில் உருகச் செய்யக் கல்சியம், பொட்டாசியம் போன்றவை. உருகியது முழுவதும் வழிந்தோடாமல் பிடித்து நிறுத்த, களியிலுள்ள அலுமினா.

நெற்பயிர் நீரோடு சிலிக்காவையும் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. உமி சொரசொரப்பாக இருப்பது அதனாலேயே. ஐந்து கிலோ உமியை எரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சாம்பல் கிடைக்கும். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்களவு சிலிக்காவே. விறகுச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் கல்சியம். உமிச் சாம்பல், விறகுச் சாம்பல், பெல்ஸ்பார் என்னும் கல்லின் தூள் ஆகிய மூன்றையும் ஏறக்குறையச் சமபங்காகச் சேர்த்தே யப்பானியர் 'நுக்கா' எனப்படும் வெள்ளைப் பூச்சைத் தொடங்குகிறார்கள். பெல்ஸ்பார் எமது நாட்டில் மாத்தளைப் பகுதியில் அகழப்படுகிறது. மற்ற இரண்டும் எங்கே கிடைக்கும் என்று எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு பூச்சுகள் சேருமிடம்

கறுப்புப் பூச்சில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை இரும்பு ஒட்சைட்டு இருக்கும். பாண்டத்தை முதலில் அதில் தோய்த்துவிட்டு, ஈரம் இழுபட்டதும் மேற்பாதியில் வெள்ளைப் பூச்சை ஊற்றினால், சூளைக்குள் இரண்டும் உருகி ஒன்றையொன்று ஊடுருவுகின்றன. கீழிருக்கும் இரும்பு மேலே கிளம்ப, வெள்ளை கீழே வழிய, இடையில் நீலமும் கபிலமுமான கோடுகள் தோன்றுகின்றன. வெள்ளையைக் கீழேயும் கறுப்பை மேலேயும் இட்டால் வேறொரு தோற்றம் வரும். இங்கே முறை முக்கியம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனித்தனியே ஒழுங்காக நின்ற இரண்டு பூச்சுகள் சேர்ந்த இடத்தில் மட்டும் அளவுக்கு மீறி உருகி ஓடக்கூடும். ஐஸ் கட்டியின்மேல் உப்பிட்டால் அது விரைவில் உருகுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். இங்கும் நடப்பது அதைப் போன்றதே. ஓடிய பூச்சு பாண்டத்தைச் சூளைத் தட்டோடு ஒட்டிவிடும். பின்பு இரண்டையும் உடைத்தே எடுக்க வேண்டும். இதனாலேயே அனுபவசாலிகள் இரண்டாவது பூச்சைப் பாண்டத்தின் மேற்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடியை வெறுமையாக விட்டு, பரிசோதனைத் துண்டின் கீழே ஒரு மண் தட்டையும் வைக்கிறார்கள்.

மஷிகோவுக்கு வந்தவர்

ரோக்கியோ நகருக்கு வடக்கே ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தூரத்தில், தொச்சிகி மாகாணத்தில் உள்ள விவசாய ஊர் மஷிகோ. 1853இல் அங்கே மட்பாண்டத் தொழில் ஆரம்பமாயிற்று. தண்ணீர்ச் சாடிகள், தேநீர்க் கேத்தல்கள், எமது அரிக்கன்சட்டியைப் போல உட்புறம் வரியிட்ட அரைக்கும் சட்டிகள் ஆகியவையே அங்கு செய்யப்பட்டன. அந்த ஊர் மண் கரடுமுரடானது. நயமான பாண்டத்துக்கு உதவாது என்றே பலரும் கருதினர்.

ஷோஜி ஹமாதா என்பவர் அவ்வூரவர் அல்லர். 1894இல் பிறந்த அவர் ரோக்கியோவில் தொழில்நுட்பக் கல்வி பெற்றவர். பின்னர் கியோத்தோ நகரின் ஆராய்ச்சி நிலையத்தில் கஞ்சிரோ கவாய் என்பவருடன் சேர்ந்து ஆயிரக்கணக்கான பூச்சுப் பரிசோதனைகளைச் செய்தார். 1920இல் பேர்னாட் லீச் என்னும் ஆங்கிலேயருடன் இங்கிலாந்தின் சென் ஐவ்ஸ் நகருக்குச் சென்று அங்கு சூளையமைக்க உதவினார். இவ்வளவு கற்றவர் 1924இல் மஷிகோவுக்கு வந்தபோது சிறந்த களியை வெளியிலிருந்து தருவிக்கவில்லை. அவ்வூர் மண்ணையே எடுத்தார். ஆரம்பத்தில் தமக்கெனச் சூளை கட்டாமல், அங்கிருந்தவர்களின் சூளையிலேயே சுட்டார். அருகே அஷினுமா என்னுமிடத்தில் கட்டடக் கல்லாக வெட்டப்பட்ட கல்லின் தூள் தனியாகவே உருகிக் கபிலச் சிவப்புப் பூச்சாகும். அதை அவ்வூர் மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். அந்தக் கபிலம், இரும்புக் கறுப்பு, உமி வெள்ளை, அந்த வெள்ளையில் செம்பு கலந்த பச்சை, சாம்பலின் தெளிந்த பூச்சு என மஷிகோவின் பூச்சுகள் ஒரு கை விரல்களில் எண்ணத்தக்கவை. இவற்றில் ஒன்றின்மேல் மற்றொன்றை அகப்பையால் ஊற்றியே ஹமாதா தமது புகழ்பெற்ற பாண்டங்களை அலங்கரித்தார்.

ஓர் அகப்பைப் பூச்சை ஊற்றச் சில விநாடிகள்தானே செல்கின்றன என்று கேட்டவரிடம், அவ்விநாடிகளோடு தமது அறுபது ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடுமாறு அவர் கூறியதாகச் சொல்வார்கள். 1955இல் யப்பானிய அரசு அவரைத் தேசியக் கலைச்செல்வமாக அங்கீகரித்தது. 1978இல் அவர் மறைந்தார். 2011 மார்ச்சில் ஏற்பட்ட பூமியதிர்ச்சியில் அவருடைய பெரிய சூளை சேதமடைந்தது. அதைத் திருத்திய பின்னர், 2015இல் அவ்வூர்க் கலைஞர்கள் பலர் சேர்ந்து மீண்டும் அதற்குத் தீமூட்டினர்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது. ஹமாதா தாமாக விரும்பி ஓர் ஊரைத் தெரிந்தெடுத்தார். எம்மவர் விரட்டப்பட்டு வேற்றூர் சென்றனர். இரண்டும் ஒன்றென்று கூறுவது இடம்பெயர்ந்தோரின் துயரத்தை அவமதிப்பதாகும். ஆயினும் வந்தவிடத்தின் மண்ணைக் குறைகூறாமல், அங்கிருந்தவர்கள் அறிந்ததைக் கேட்டறிந்து, பின்பு தாம் அறிந்ததை அதன்மேல் சேர்த்தார் அல்லவா? அந்த ஒழுங்கு யாவருக்கும் பயன்படும்.

எழுதி வைத்தல்

ஐந்து பூச்சுகளை வைத்திருப்பவர் ஒவ்வொன்றின்மேலும் மற்றொன்றை இட்டுப் பார்க்க விரும்பினால் இருபது துண்டுகள் வேண்டும். ஏனெனில் வெள்ளையின்மேல் கறுப்பு வேறு, கறுப்பின்மேல் வெள்ளை வேறு. தடிப்பாக ஒருமுறை, மெல்லியதாக ஒருமுறை என்றால் நாற்பது. நாற்பது துண்டுகளுக்கும் இலக்கமிட்டு, எதன்மேல் எது, எத்தனை விநாடி தோய்த்தது, சூளையில் எங்கே வைத்தது என்பவற்றைக் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மாத்திரமே மாற்ற வேண்டும். சாம்பலையும் மாற்றி, தடிப்பையும் மாற்றி, தீயையும் மாற்றினால், வந்த அழகு எதனால் வந்தது என்று எவருக்கும் தெரியாது.

தற்செயலாக வருவதே அழகு, எழுதி வைத்தால் கலை கெட்டுவிடும் என்று சொல்வோரும் உண்டு. நாம் இதனை ஏற்கவில்லை. சந்தையில் ஒருவர் ஒரு கோப்பையை வாங்கிவிட்டு, இதே போல இன்னும் ஐந்து வேண்டும் என்று கேட்டால், கொப்பி இல்லாதவர் என்ன செய்வார்? தற்செயல் ஒரு கொடைதான். குறித்து வைத்தவருக்கே அந்தக் கொடை இரண்டாம் முறையும் பயன்படும். விதைத்த நாளையும் மழை பெய்த நாளையும் மனதில் வைத்திருக்கும் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அழகும் ஆபத்தும்

சில உண்மைகளை ஒளிவு மறைவின்றிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எமது ஊர்களில் மண்பானை சுடும் வெப்பம் பெரும்பாலும் 900 பாகையை எட்டுவதில்லை. உமிச் சாம்பற் பூச்சு அவ்வெப்பத்தில் உருகாது. வெப்பத்தை 1280 பாகைக்கு உயர்த்தினால் சாதாரண சிவப்புக் களி வீங்கி உருக்குலையக்கூடும். ஆகவே நாளைக்கே கடன் வாங்கிச் சூளை கட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். முதலில் துண்டுகள், பின்பு பாண்டங்கள், அதன் பின்பே சூளை.

குறைந்த வெப்பத்தில் எளிதாகப் பளபளக்கும் பூச்சு என்று யாராவது ஈயம் கலந்த தூளைக் கொண்டுவந்தால் அதைத் தொடவே வேண்டாம். புளியும் தேசிக்காய்ச் சாறும் அப்பூச்சிலிருந்து ஈயத்தை உணவுக்குள் இழுத்தெடுக்கும். ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்குக் கிடையாது. குறைந்த வெப்பத்துக்கு ஈயமில்லாத, போரன் சேர்ந்த கண்ணாடித் தூள் உண்டு.

பூச்சின்மேல் பூச்சிடும்போது இரண்டும் கலந்து மூன்றாவது பூச்சொன்று உருவாகிறது. தனித்தனியே தீங்கற்றவை சேர்ந்த பின்பும் தீங்கற்றவையாகவே இருக்கும் என்பது நிச்சயமில்லை. எனவே உணவு படும் உட்புறத்துக்குச் சோதித்தறிந்த ஒரே பூச்சும், அலங்காரம் வெளிப்புறத்துக்கும் என்பதே நல்லது. வினாகிரியை ஓரிரவு ஊற்றி வைக்கும்போது நிறம் மாறினால் அந்தப் பாண்டம் உணவுக்கு ஆகாது. நிறம் மாறாவிட்டாலும், விற்பனைக்கு முன்னர் ஆய்வுகூடச் சோதனை அவசியம். கல்தூளையும் சாம்பல் தூளையும் சுவாசித்தால் நுரையீரல் கெடும். ஆதலால் மூக்கை மூடிக்கொண்டு, ஈரமாகவே வேலை செய்ய வேண்டும். கழுவாத விறகுச் சாம்பல் நீர் கையைப் புண்ணாக்கும்.

மேசையிலுள்ள பேணி

அந்தக் கமக்காரர் நாலைந்து நாட்களின் பின் மீண்டும் வந்தார். கையில் ஒரு பால்மாப் பேணி. அதில் நிறைய உமிச் சாம்பல். "இதைச் சுட்டுப் பாக்க ஏலுமோ, சுவாமி?" என்று கேட்டார். எம்மிடம் அப்படியான சூளை இல்லை என்பதை அவருக்குச் சொன்னோம். மேலே எழுதிய ஆபத்துகளையும் சொன்னோம். அவர் முகம் வாடவில்லை. "அப்ப சுடுற இடத்துக்கு அனுப்புவம். எங்கடை சாம்பல் எப்பிடி எண்டு தெரிஞ்சால் காணும்" என்றார்.

சொந்த வயலில் விளைந்த நெல் அன்று அது. குத்தகைக்கு எடுத்த காணியில், காலபோகத்தில் விளைந்தது. அதையும் எழுதும்படி அவரே சொன்னார். பேணியில் நெல்லினம், போகம், ஊர், எரித்த திகதி ஆகியவற்றை எழுதி ஒட்டியுள்ளோம். உயர்ந்த வெப்பத்தில் சுடும் வசதியுள்ள ஒரு நண்பரிடம் அது போகவிருக்கிறது. கறுப்பின்மேல் ஒன்றும், கறுப்பின் கீழ் ஒன்றுமாக இரண்டு துண்டுகள் கேட்டிருக்கிறோம். வெண்மையாக வந்தாலும், ஓடி ஒட்டிக்கொண்டு பழுதானாலும், வந்ததை வந்தபடியே இப்பக்கங்களில் அறியத் தருவோம்.

தங்கள் ஊர்க் களியையோ சாம்பலையோ அறிய விரும்பும் குடும்பங்கள் இரண்டு கைப்பிடி போதும், கொண்டுவந்து தாருங்கள். எந்த இடத்தில் எடுத்தது என்பதை மறவாமல் எழுதித் தாருங்கள்.