பேர் சொல்லிக் கூப்பிடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் பெற்றோர் சில பேர் எங்களை ஓரமா கூப்பிட்டுப் பேசுகிறார்கள். எல்லாரும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே விஷயம். "பையன் உடம்பு மட்டும்தான் வீட்டுல இருக்கு, உசுரு வேற எங்கயோ போயிடுச்சு." ராத்திரி முழுக்க போனில் கேம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. சோறு ஆறிப்போகுது, குளிப்பதில்லை, பள்ளிக்கூடம் பாதி நாள்தான். போனைப் பிடுங்கினால் கண் சிவந்து, அடிக்க வருகிற மாதிரி நிற்கிறான். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: "ஏதாச்சும் புடிச்சிருக்குமோ?"

இதைக் கேட்டு நாங்கள் சிரிப்பதில்லை. ஆள் இங்கே இருக்க, உயிர் வேறொரு உலகத்தில் மாட்டிக்கொள்ளும் என்பது இந்த மலையில் நேற்று வந்த பேச்சு இல்லை. மலாய்க்காரர்கள் ஓராங் புனியான் என்று சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஜனங்கள், காட்டுக்குள் அவர்களுக்கும் ஊர், வீடு எல்லாம் உண்டு. அங்கே போனவனுக்கு சுகமா இருக்கும், வீட்டு ஞாபகம் வராது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு அன்று தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் தானா ராத்தா பக்கம் ஒரு பங்களாவில் இருந்து வெளியே போனவர், திரும்பி வரவே இல்லை. போலீஸ், ஓராங் அஸ்லி, பொமோ என்று எத்தனையோ பேர் தேடினார்கள். இன்று வரைக்கும் துப்பு இல்லை. அந்த மாதிரி ஊரில் பெற்றோர் இப்படிப் பயப்படுவதில் ஆச்சரியம் என்ன இருக்கு?

ஆனால் உயிர் போய்விட்டால் எப்படித் திருப்பிக் கொண்டு வந்தார்கள் என்பதையும் பார்க்கணும். பிள்ளை திடுக்கிட்டால் மலாய்க்கார அம்மா உடனே "குர் செமாங்காட்" என்பாள். ஓடின உயிரை, கோழிக்குஞ்சைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவது. நம்ம பக்கத்துக் காட்டில் இருக்கும் செமாய் மக்கள், நெற்றிக்கு உள்ளே ருவாய் என்று ஓர் உயிர் இருக்கு, பயந்தால் அது விலகிப் போய்விடும், சின்னப் பிள்ளைகளுக்கு சுலபமாகப் போய்விடும் என்று நம்புகிறவர்கள். பிள்ளைகளை அடிப்பதே அவர்களுக்குப் பிடிக்காது. போன உயிரை அழைக்க ராத்திரி இருட்டில் எல்லாரும் ஒன்றாகக் கூடிப் பாடுவார்கள்.

நம்ம மச்சமுனி சித்தர் கதையும் இதேதான். அவருக்கு திருப்பரங்குன்றத்தில் சமாதி இருப்பதாகச் சொல்வார்கள். வடக்கே மச்சேந்திரநாதர் என்பதும் அவரைத்தான். 1939ல் மாயா மச்சீந்திரா என்று தமிழ்ப் படமாகக்கூட வந்த கதை. பெரிய யோகி, பெண்கள் மட்டுமே ஆளும் ஒரு நாட்டுக்குப் போனார். ராணி, அரண்மனை, ஆட்டம் பாட்டம். தான் யார் என்பதே மறந்துவிட்டது. சீடன் கோரக்கருக்குத் தகவல் தெரிந்தது. அந்த நாட்டுக்குள் ஆண் சாமியார் போக முடியாது. அதனால் வேஷம் போட்டு, ஆட்டக்காரக் கூட்டத்தோடு சேர்ந்து உள்ளே நுழைந்தார். சபையில் மேளம் அடிக்க அடிக்க, அந்தச் சத்தத்திலேயே குருவின் பேரைச் சொல்லி, கோரக்கன் வந்திருக்கேன் என்று கூப்பிட்டார். குருவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

கோரக்கர் பெரிய சித்தர், மந்திரம் தெரியாதவர் இல்லை. இருந்தும் வெளியே நின்று எலுமிச்சம்பழம் அறுக்கவில்லை. உள்ளே போனார், குருவுக்குப் பழகின சத்தத்தில் பேர் சொல்லி அழைத்தார். நம்ம வீடுகளில் இதைத்தான் யாரும் செய்வதில்லை என்பது எங்கள் கருத்து.

இன்னொரு பக்கம் காசு போகுது. ஒரு குடும்பம் வெளியூர் ஆள் ஒருத்தரிடம் கட்டு எடுக்க 1,200 வெள்ளி கொடுத்திருக்கு. தோட்டத்துச் சம்பளத்தில் 1,200 வெள்ளி! தாயத்து கையில் இருக்கு, அதே கையில் போனும் இருக்கு. கோவிலில் அர்ச்சனை பண்ணுங்க, திருநீறு பூசுங்க, மனசுக்குத் தெம்பு. அதுக்கு யாரும் ஆயிரம் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் கேம் பழக்கத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கு. 2019ல் ஒப்புதல் கொடுத்து, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. விளையாடுகிற எல்லாரையும் நோயாளி என்று அவர்கள் சொல்லவில்லை, கொஞ்சம் பேருக்குத்தான் அப்படி ஆகிறது. நிறுத்த முடியாமல் போவது, சாப்பாடு படிப்பு எல்லாத்துக்கும் மேலே கேம் வந்துவிடுவது, கெடுதல் நடப்பது தெரிந்தும் விடாமல் இருப்பது, இது 12 மாதம் போல நீடிப்பது. இப்படி இருந்தால் அரசாங்க கிளினிக் போங்க, பதிவுக்கு 1 வெள்ளிதான். போக வெட்கமா இருந்தால் 15555 என்று சுகாதார அமைச்சின் ஹீல் லைன் இருக்கு, போன் போட்டுப் பேசலாம். பைத்தியம்னு பேர் வந்துடும்னு பயப்படாதீங்க. பேய் புடிச்சதுன்னு தோட்டம் பூரா சொல்லி வைக்கிறதை விட அது மேல்.

எங்களோடு தொண்டு செய்கிற ஒரு தம்பி, அப்படி ஒரு பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் குடுடா" என்று கேட்டான். பையன் ஐந்தாம் படிவம். மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுகிறான், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். இவன்தான் கூட்டத்துக்குத் தலைவன். அவனுக்கு அங்கே ஒரு பேர் வைத்திருக்கிறான், மற்ற நாலு பேரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் உதவிக்குக் கூப்பிடுவார்கள். "வீட்டுல என் பேரை எப்பக் கூப்பிடுறாங்க, திட்டறதுக்குத்தானே" என்றானாம்.

பெற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரலை. எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரி ஷிப்ட் பார்க்கிறவர்கள், வீட்டுக்கு வந்தால் கண் சொருகும். முன்னே லயத்தில் ஒரு வரிசைக்குப் பத்துப் பையன்கள் இருந்தார்கள், பந்து உதைக்க ஆள் தேட வேண்டியதில்லை. இப்போது கொழுந்து எடுப்பதே பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளிகள், நம்ம பிள்ளைகள் ஈப்போ, கேஎல் என்று போய்விட்டார்கள். மீதி இருக்கும் ஒன்றிரண்டு பேருக்கு சாயங்காலம் ஆனால் மழை, பனி, குளிர். போனுக்குள்ளேதான் கூட்டாளிகள்.

மச்சமுனி கதையில் இன்னொன்று. நாட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் பைக்குள் ஒரு தங்கக்கட்டியை ஒளித்து வைத்துக்கொண்டார். கோரக்கர் அதைப் பார்த்துத் தூக்கி எறிந்தார். நம்ம பையன் அம்மாவின் பேங்க் கார்டில் கேமுக்கு 'டைமண்ட்' வாங்கியிருக்கான். அதைப் பேசி நிறுத்தியாச்சு, கார்டு இப்ப அம்மா கையில். தங்கக்கட்டியை எறியலாம், ஆனால் குருவைக் கூப்பிட்டு எழுப்பின பிறகுதான் எறிந்தார் கோரக்கர். எடுத்தவுடனே போனை உடைக்கிற அப்பாமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அந்தப் பையன் முழுசாத் திரும்பிவிட்டான் என்று சொல்ல மாட்டோம். இன்னும் ஆடுகிறான். ஆனால் மூணு வெள்ளிக்கிழமையா குத்துவிளக்கு துலக்க வருகிறான், போன வாரம் உறுமியை எடுத்துத் தட்டிப் பார்த்தான். கை நல்லா விழுது.

இந்த வெள்ளிக்கிழமையும் பூஜைக்கு அப்புறம் உறுமி பழக்கம் இருக்கு. பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. போனோடு வந்தாலும் பரவாயில்லை. வாசலில் செருப்பை மட்டும் கழட்டச் சொல்லுங்க.