வெண்பனிக் கணக்கும் மரக்காணம் கரையும்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளி யாரைக் கேட்டாலும் சொல்வார்: கோடை வெயிலில் உப்புக் குவியல் கண்ணைக் கூசச் செய்யும், பக்கத்துக் களிமண் வரப்போ காலைச் சுடும். வானம் மூடிய இரவில் புழுக்கம் தாங்காது என்பதும் அவர் அறிந்ததே. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது; கருமை விழுங்குகிறது. மேகம் பகலில் குடை, இரவில் போர்வை. கிரீன்லாந்துப் பனிப்பாளம் எவ்வளவு உருகும் என்று கணக்கிடும் விஞ்ஞானிகளைத் திணற அடிப்பவையும் இவ்விரண்டு சங்கதிகள்தாம்.

புதுப்பனி, தன்மேல் விழும் வெயிலில் 100க்கு 80 பங்குக்கு மேல் திருப்பிவிடும். அது உருகி, அழுக்கும் பாசியும் படிந்த பனிக்கட்டி வெளிப்பட்டால் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கும். உருக உருகக் கருக்கும். கருக்கக் கருக்க மேலும் உருகும். கந்துவட்டி குட்டி போடுவது போலத்தான்.

மேகம் இதில் யார் பக்கம்? அடியிலுள்ள நிறத்தைப் பொறுத்தது. கருத்த பனிக்கட்டிக்கு மேலே நின்றால் வெயிலை மறைத்து உருகுதலைக் குறைக்கும். வெண்பனிக்கு மேலே நின்றால்? எப்படியும் திரும்பிப் போகும் வெயிலை மறைத்துப் பயனென்ன? போர்வை வேலைதான் மிஞ்சும். 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் மேற்பரப்பு ஏறத்தாழ முழுவதுமே உருகிற்று. வெயிலைக் கீழே விட்டு, உஷ்ணத்தை மேலே விடாத மெல்லிய தாழ்மேகங்கள் அதற்குத் துணை நின்றன என்று 2013ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அத்தகைய மேகத்தில் நீர்த்துளி எவ்வளவு, பனித்துகள் எவ்வளவு என்பதில் கம்ப்யூட்டர் மாதிரிகள் இன்னும் ஒன்றுபடவில்லை.

“கணக்கே தீரவில்லை, அதற்குள் என்ன அவசரம்?” என்று கேட்கும் கனவான்கள் உண்டு. நாம் இதை ஏற்க முடியாது. பனி உருகுகிறதா என்பதில் தகராறு இல்லை, வேகத்தில்தான் தகராறு. கணக்கு பிசகலாம் என்றால், எதிர்பார்த்ததைவிட மோசமாகவும் பிசகலாம் அல்லவா? கடல்நீர் சூடேறி விரிந்ததாலும், மலைப்பனியும் பனிப்பாளங்களும் உருகியதாலும் 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகப் பல நூற்றாண்டுகள் ஆகும். உருகினால் 7 மீட்டர் உயரும்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் 2024 நவம்பர் 30ந் தேதி கரை கடந்த பெஞ்சல் புயலை நினைத்துப் பார்க்கட்டும். திண்டிவனம் அருகே மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை! விழுப்புரம் வெள்ளக்காடாயிற்று. அந்தப் புயலைப் பனிப்பாளத்தின் தலையில் கட்ட நாம் வரவில்லை. ஆனால் கடல் உயர உயர, கழுவெளியிலிருந்து வடிய வேண்டிய வெள்ளம் தேங்கி நிற்கும். உப்புநீர் உள்ளே ஏறும். அப்போது நஷ்டத்தைச் சுமப்பவர் யார்? பாத்தி கரைந்துபோன உப்பளத் தொழிலாளி, கரையோரத்து மீனவர், கிணறு உப்புக் கரித்துப்போன விவசாயி.

ஆகவே நாம் கோருவது இதுதான்: இந்தக் கரையில் கட்டப்படும் ஒவ்வொரு மதகும், பாலமும், குடியிருப்பும் கடல்மட்ட மதிப்பீடுகளில் குறைந்ததை நம்பியல்ல, உயர்ந்ததற்கு ஈடுகொடுக்கும்படி திட்டமிடப்பட வேண்டும். அந்த மதிப்பீடுகள் தமிழில், கிராம சபைகளின் முன் வைக்கப்பட வேண்டும். விஞ்ஞானி தன் ஐயத்தை நேர்மையாகச் சொல்கிறார். அந்த நேர்மையையே சாக்காக்கிக் கைகட்டி நிற்பது எந்த சர்க்காருக்கும் அழகல்ல.