மிஞ்சிய சோறு

இரவில் மிஞ்சும் வெள்ளைச் சோறு ஆறியவுடன் நீரூற்றி மூடிவைத்தால், புளிப்பேறிக் காலையில் சின்ன வெங்காயத்தோடு பசியாற உதவும். மிஞ்சிய இடியாப்பத்தை உதிர்த்து, முட்டையும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கிளறினால் பிள்ளைகள் தட்டை வழித்து உண்பர். (இதற்கென்றே எங்கள் இல்லத்தில் கூடுதலாக அவிப்பதுண்டு, அது சிக்கனத்தில் சேராது!)

நெய்ச்சோறும் பிரியாணியும் அவ்வாறல்ல. இரவு முழுவதும் சட்டியிலேயே மூடிவைத்தால் சோற்றில் ஒருவகைக் கிருமி பெருகும். அது கக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே அகன்ற தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அந்தச் சட்டியை மறுநாள் காலையில் அண்டையிலுள்ள ஏழைக் குடும்பத்திற்கு நீட்டுவோர் நம்மில் உண்டு. கொடுப்பதாயின் முதல்நாள் இரவே, நீங்கள் உண்ண அமருமுன், சூட்டோடு, கறித்துண்டும் வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.