பிபி 130 வந்தாலே நோயாளியா? அமெரிக்க டாக்டர்களே ஒத்துக்கொள்ளாத வழிகாட்டுதல்!

2017 நவம்பரில், ஒரே நாளில் அமெரிக்காவில் சுமார் 3 கோடி பேர் புதிதாக 'பிபி நோயாளி' ஆனார்கள். அவர்கள் உடம்பில் எதுவும் மாறவில்லை. மாறியது ஓர் எண்தான். அதுவரை 140/90 என்றிருந்த உயர் ரத்த அழுத்த வரம்பை, அந்நாட்டின் இரண்டு பெரிய இதயநல அமைப்புகள் சேர்ந்து 130/80 ஆகக் குறைத்தன. பெரியவர்களில் 32 சதவிகிதமாக இருந்த பிபி கணக்கு, 46 சதவிகிதமாகத் தாவியது.

அடுத்த மாதமே, குடும்ப மருத்துவர்களின் அமைப்பு இதை ஏற்க முடியாது என்று அறிவித்தது. ஏன்?

புதிய வரம்புக்குப் பெரிய பலமாக இருந்தது 'ஸ்பிரிண்ட்' ஆய்வு. 9,361 பேரில் ஒரு பிரிவினருக்கு மேல் அளவை 140-க்குக் கீழும், மறு பிரிவினருக்கு 120-க்குக் கீழும் வைக்க மருந்து கொடுத்தார்கள். 120 பிரிவில் இதயப் பாதிப்பும் மரணமும் குறைந்ததால் 2015-ல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆனால் அதே பிரிவில் மயக்கமும் திடீர் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம். சர்க்கரை நோயாளிகளோ அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. ஒரே ஆய்வுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்பது குடும்ப டாக்டர்களின் கேள்வி. வழிகாட்டுதல் குழுவுக்குத் தலைவராக இருந்தவரே அந்த ஆய்வின் வழிநடத்தும் குழுவுக்கும் தலைவர் என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்துவது மாதிரிதானே இது!

இன்னொரு சிக்கல், அளக்கும் விதம். ஸ்பிரிண்டில் 5 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கிக் கருவியில் 3 முறை அளந்து சராசரி எடுத்தார்கள். நம்ம ஊர் ஓ.பி.யில்? மாடிப்படி ஏறி வந்து, டோக்கனுக்கு முண்டியடித்து, உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். அப்படி எடுக்கும் அளவு பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி 130-க்கு இறக்கப் பார்த்தால், தேவையில்லாத மாத்திரை சேரும்.

அதற்காக 2017 வழிகாட்டுதல் எல்லோருக்கும் மாத்திரை எழுதச் சொன்னதாக நினைக்க வேண்டாம். 130-139 அளவில் இருப்பவர்களில், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுக்கும் அதற்கான ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும்தான் மருந்து என்றது அது. மற்றவர்களுக்கு உப்பைக் குறைப்பது, நடப்பது, எடையைக் குறைப்பது. பரபரப்பில் இது பலர் காதிலும் விழவில்லை.

ஐரோப்பா 2018-ல் 140/90-ஐயே தொடர்ந்தது. உலக சுகாதார அமைப்பு 2021-ல், பொதுவாக 140/90-ல் மருந்து தொடங்கலாம். இதயநோய் இருந்தால் 130-லேயே தொடங்கலாம் என்றது. இந்தியாவின் அரசுத் திட்டமும் 140/90-க்குக் கீழே வைப்பதையே கட்டுப்பாடாகக் கணக்கிடுகிறது. அமெரிக்க இதயநல அமைப்புகள் 2025-லும் 130/80-ஐ விடவில்லை. குடும்ப மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 140/90 அப்படியே இருக்கிறது. அதாவது 134 அளவுள்ள ஒருவரை அங்கே ஒரு டாக்டர் பிபி நோயாளி என்பார், இன்னொருவர் இல்லை என்பார்.

நம்ம ஊரில் அந்த 134 வந்தவர்கள், வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து அளந்து, குறித்து, அந்தச் சீட்டோடு டாக்டரைப் பார்க்கலாம். ஏற்கெனவே மாத்திரை போடுபவர்கள் அதை அவர்களாக நிறுத்தவே கூடாது.