நிரல் கற்போம், சூது தவிர்ப்போம்

கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் ‘அல்காரிதம்’ என்னும் சொல்லைச் சொல்லாதிருப்பதில்லை. ஆயின், அச்சொல் ஓர் அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, இந்திய எண்முறையை விளக்கி எழுதிய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது அவர் பெயர் திரிந்தது. திரிந்த அப்பெயரே பின்னர்க் கணக்கிடும் வழிமுறைக்குப் பெயராயிற்று. ‘அல்ஜீப்ரா’ என்பதும் அவருடைய மற்றொரு நூலின் தலைப்பிலுள்ள ‘அல் ஜப்ர்’ என்னும் சொல்லே. அந்நூல் வெறும் கோட்பாட்டு நூலன்று. வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடுதல், வணிகம், நிலம் அளத்தல் என மக்களின் அன்றாடத் தேவைக்குரிய கணக்குகளை அது விரிவாகப் பேசுகிறது. கையிலுள்ள வேலையை எளிதாகவும் நேர்மையாகவும் முடிக்கவே அப்பெருமகனார் கணிதம் செய்தார் எனலாம்.

இதனை நினைவூட்டக் காரணம் உண்டு. அண்மையில் நம் துறை மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, பைத்தான் மொழியில் நிரல் எழுதக் கற்க வேண்டும். தமிழ் படிப்பவனுக்கு அது வருமா?” என்று கேட்டார். மகிழ்ந்தேன். எதற்காக என்று வினவினேன். “பங்குச் சந்தையில் தானே வாங்கித் தானே விற்கும் நிரலை எழுதிவிட்டால், நான் வகுப்பில் இருக்கும்போதே அது பணம் ஈட்டித் தருமாம்” என்றார். முதலுக்குப் பணம்? அடுத்த பருவக் கட்டணத்துக்கென வீட்டில் கொடுத்த தொகையாம்! அவருடைய இரண்டு எண்ணங்களுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் மாணவர்க்கு நிரல் வருமா?

ஐயமின்றி வரும். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட பைத்தான், கற்பதற்கு எளிய மொழி, விலையின்றிக் கிடைப்பது. தமிழ்த்துறையில் அதற்கு வேலையும் நிறைய உண்டு. அறுபது மாணவரின் மதிப்பெண்களைப் பல தாள்களிலிருந்து ஒன்றுசேர்த்தல், பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றுதல் போன்றவற்றை இருபது, முப்பது வரி நிரல்களே செய்து முடிக்கும். ஒரு நூலுக்குச் சொல்லடைவு தொகுக்க முன்னைய ஆய்வாளர்கள் சீட்டுகளில் எழுதி அடுக்கி மாதக்கணக்கில் உழைத்தனர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், நம் இலக்கியங்கள் பலவற்றை மின்னுருவில் தந்துள்ளது. அவற்றிலிருந்து சொற்களைப் பிரித்தெடுத்து எண்ணும் வேலையைச் சிறுநிரல் ஒன்று சில நொடிகளில் செய்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் எனப் பைத்தானைக் கேட்டால், ஐந்து என்று விடை தரும். ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். சொற்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னாலோ, ‘ற’வை ‘ர’வின் பின்னும், ‘ன’வை ‘ந’வின் பின்னும் வைத்துவிடும். எழுத்து மூன்றே என்பதும், றகர னகரங்கள் இறுதியில் நிற்பவை என்பதும் இலக்கணம் கற்றவர்க்கே உடனே விளங்கும். பொறி பிழை செய்வதில்லை. நாம் அறியாமல் விட்டதை அது விரைவாகச் செய்துவிடுகிறது. எனவே, பொருளறிவு இல்லாத நிரலறிவு பயன் தராது என்பது என் துணிபு.

சந்தையில் நிகழ்வது என்ன?

பங்குச் சந்தைக்கும் இவ்வுண்மை பொருந்தும். இருபது நாள் சராசரி விலை ஐம்பது நாள் சராசரியைத் தாண்டினால் வாங்கு, தாழ்ந்தால் விற்றுவிடு என நிரல் எழுதுவது ஒரு நாள் வேலை. பழைய விலைகளைக் கொண்டு அதனைச் சோதித்து, இலாபம் வருவதாகக் காட்டுவதும் எளிது. ஆயின், நூறு விதிகளைச் சோதித்தால் சில தற்செயலாகவே வென்றுவிடும். அவ்வெற்றி நாளைய விலைக்கு உறுதியாகாது. ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் தரகும் வரியும் வேறு கழியும்.

வல்லுநர்களும் தவறுவர். அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் 2012 ஆகஸ்டு 1 அன்று புதிய நிரலை நிறுவியபோது, எட்டுக் கணிப்பொறிகளுள் ஒன்றில் பழைய நிரல் தங்கிவிட்டது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு நேர்ந்தது. ஒரு கணிப்பொறியைச் சரிபார்க்கத் தவறியதன் விலை அது!

நம் நாட்டு நிலையும் எச்சரிக்கையாகவே உள்ளது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் முன்பேரச் சந்தையில் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் இழப்பே கண்டனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பெருநிறுவனங்கள் தானியங்கி நிரல்களால்தானே இலாபம் ஈட்டுகின்றன என்று சிலர் வாதிடலாம். உண்மை, அதனையும் அதே ஆய்வு கூறுகிறது. ஆனால், முன்பேரத்தில் ஒருவரின் ஆதாயம் மற்றொருவரின் இழப்பு. விரைவான இணைப்பும் பெருமுதலும் வல்லுநர் படையும் உடையவர் எதிரே, கட்டணப் பணத்தோடு நிற்கும் மாணவர் எப்பக்கத்தில் இருப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வணிகம் வேறு, சூது வேறு

வணிகத்தை இஸ்லாம் போற்றுகிறது. ‘மைஸிர்’ எனப்படும் சூதை விலக்குகிறது. வள்ளுவரும் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பங்கு வாங்குவதெல்லாம் சூது என்று நான் கூறவில்லை. ஆராய்ந்து, நல்ல தொழில் ஒன்றில் பங்காளியாவது வணிகமே. தனக்கு விளங்காத ஒன்றில், இழக்கக்கூடாத பணத்தை வைப்பதே சூது. நிரல் ஒன்று இடையில் நிற்பதால் அதன் இயல்பு மாறிவிடாது.

சந்தை நிரல் கற்கவே கூடாதோ எனில், கற்கலாம். முதலில் ஓராண்டு பணமின்றித் தாளளவில் ஓட்டிப் பாருங்கள். இழப்புக்கு எல்லையும், நிரலை உடனே நிறுத்தும் வழியும் வகுத்துக்கொள்ளுங்கள். கடன் பணத்தையும் கட்டணப் பணத்தையும் தொடாதீர்கள்.

என்னிடம் வந்த மாணவர் கட்டணத்தைச் செலுத்திவிட்டார். இப்போது குறுந்தொகைக்குச் சொல்லடைவு தொகுக்கும் நிரலை எழுதி வருகிறார். றகர னகர வரிசையைத் திருத்தவே அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில் அவர் பெற்ற பயிற்சியை எந்தச் சந்தையும் அவரிடமிருந்து பறிக்க இயலாது. மாணவச் செல்வங்களே, நீங்களும் உங்கள் கையிலுள்ள வேலையிலிருந்தே தொடங்குங்கள். அல் குவாரிஸ்மி தொடங்கியதும் அங்கிருந்தே!