நிக்கல்சன் துரையும் சாளைக் கறியும்

எங்கள் அடுக்ககத்தில் இந்த வாரம் யாரும் யாரிடமும் "சௌக்கியமா?" என்று கேட்கவில்லை. "உங்களுக்கு வைட்டமின் டி எவ்வளவு சார்?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பரிசோதனை நிலையத்தார் கீழே மேசை போட்டு, சலுகை விலை என்று சொல்லி எல்லாரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். புதன்கிழமைக்குள் வாட்ஸப் குழுவில் பரீட்சை முடிவுபோல மதிப்பெண்கள் வந்து விழுந்தன. 14, 11, 9. மூன்றாம் மாடியில் இருக்கும் வங்கிக்காரர் 7 வாங்கியிருக்கிறார்; சொல்லும்போது குரலில் லேசான பெருமைகூடத் தெரிந்தது. என்னுடையதைச் சொல்வதாக இல்லை.

வியாழக்கிழமை தெருமுனை மருந்துக்கடையில் 60,000 யூனிட் சாஷே தீர்ந்துவிட்டது. "நாளைக்கு வந்துரும் சார். மீன் எண்ணெய் டப்பா மட்டும் இப்ப எடுத்துக்கங்க, எல்லாரும் ரெண்டையும் சேர்த்துத்தான் வாங்குறாங்க" என்றான் கடைப் பையன். எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதற்கு மேல் ஒரு மருத்துவக் காரணம் நம் ஊரில் தேவைப்படுவதில்லை.

எனக்கு மாத்திரை மேல் கோபமில்லை. எலும்பு தேய்ந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் வெயிலை மட்டும் யாரிடமும் கடன் வாங்க வேண்டியிராத ஊர் இது. காலை ஐந்தரைக்கு, சூரியன் எழுவதற்குள் நடை முடிந்துவிடுகிறது. எட்டு மணிக்குக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றினால், வைட்டமின் டி உண்டாகத் தேவையான புற ஊதாக் கதிர் அந்தக் கண்ணாடியிலேயே நின்றுபோகிறது. திருப்பதியில் நடந்த ஓர் ஆய்வில், காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் நம் பக்கத்து வெயிலில் இந்த வேலை நன்றாக நடக்கிறது என்று கண்டார்கள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வெளியே நிற்பவர்கள் கொத்தனார்களும் சித்தாள்களும்தான். அவர்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வரவில்லை.

அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2024இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆரோக்கியமாக இருக்கிற, 75 வயதுக்குட்பட்ட பெரியவர்கள் இந்த அளவைச் சும்மா சோதித்துப் பார்க்கவும் வேண்டாம், அன்றாடத் தேவைக்கு மேல் மாத்திரை விழுங்கவும் வேண்டாம் என்பது அதன் சாரம். மீன் எண்ணெயையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. பாஸ்டனிலிருந்து நடத்திய 'வைட்டல்' என்ற பெரிய ஆய்வில் 25,871 பேரைச் சேர்த்து, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைட்டமின் டியும் மீன் எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எல்லாம் சேர்ந்த கணக்கும் குறையவில்லை. மீன் அதிகம் சாப்பிடாதவர்களுக்கு மட்டும் மீன் எண்ணெயால் ஏதோ பலன் இருப்பதுபோல் தெரிந்தது.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர் தன் மகன் நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்த டப்பாவைப் படம் எடுத்துப் போட்டார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்து. பின்பக்கம், எறும்பு எழுத்தில், இபிஏ 180, டிஹெச்ஏ 120. ஆக மொத்தம் 300. நாம் எதற்காக விழுங்குகிறோமோ அந்த ஒமேகா-3 மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வேறு மீன் கொழுப்பு. மேலே ஜெலட்டின் உறை. அது எந்த மிருகத்தினுடையது என்று சொல்லி எங்கள் மாடியில் நான் ஏன் பகையைச் சம்பாதிக்க வேண்டும்? உலகச் சந்தையில் இந்த எண்ணெயில் பெரும்பங்கு பெரு நாட்டுக் கடலின் நெத்திலி இனத்திலிருந்து வருகிறது. அந்த நெத்திலியும் ஒமேகா-3ஐத் தானாகச் செய்வதில்லை. கடலில் மிதக்கும் நுண்பாசி செய்வதைத் தின்று சேர்த்து வைத்துக்கொள்கிறது.

இங்கேதான் எனக்கு நிக்கல்சன் துரை நினைவுக்கு வந்தார். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. ஆமாம், மறுபடியும் அவரேதான்.

சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி. 1887இல் அவர் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைப் பற்றி இங்கே அளவுக்கு மீறியே எழுதியிருக்கிறேன். கிணறும் கமலையும் மாடும் விதையும் கடனுமாக, ஒரு மாவட்டத்தின் வயிற்றையும் பையையும் ஒருசேரத் தடவிப் பார்த்த புத்தகம் அது. கலெக்டர் ஆபீஸ் கட்டுரைகளில் இவ்வளவு உயிர் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். பிறகு குடியானவனின் கடன் அவரைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மனியின் ரைஃபைசன் வங்கிகளைப் போல் கிராமத்தார் தாங்களே சேர்ந்து நடத்தும் சங்கங்கள் இங்கும் வேண்டும் என்று 1890களில் அரசுக்குப் பெரிய அறிக்கை கொடுத்தார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்ததற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். உங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியின் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு பூட்டியிருப்பதற்கு அவர் பொறுப்பல்ல.

மற்ற துரைகள் பென்ஷன் வாங்கிக்கொண்டு கப்பலேறும் வயதில், 1905இல், இவரைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். மீன்வளத்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னார்கள். ஜப்பான் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து குறிப்பு எழுதினார். அன்றைக்கு மலபாரும் சென்னை மாகாணம்தான். அங்கே தானூரில் சோதனை நிலையம் வைத்தார். அவர் கண்ணில் பட்டது மத்தி. எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் சாளை என்போம்.

அந்தக் காலத்தில் மலபார்க் கரையில் மத்தி வந்தால் மலையாக வரும். தின்றது போக, விற்றது போக, மிச்சத்தை மணலில் பரப்பிக் காயவைத்து உரமாக்குவார்கள். எண்ணெய் வேண்டுமென்றால் பழைய தோணியில் மீனைக் கொட்டி வெயிலில் அழுகவிட்டு, மேலே மிதப்பதை வழித்தெடுப்பார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். எண்ணெய் கறுப்பாக இருக்கும். படகுக்குப் பூசவும் விளக்கெரிக்கவும்தான் ஆகும். நிக்கல்சன் செய்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. மீன் கெடுவதற்குள் அண்டாவில் வேகவைத்து, கயிற்றுப் பையில் போட்டு, திருகுச் செக்கில் பிழியச் சொன்னார். எண்ணெய் தெளிவாக வந்தது; சக்கை நல்ல உரமானது. மீனவர்களும் சிறு வியாபாரிகளும் பார்த்துப் பழகிக்கொண்டு தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் எண்ணெய்க் கொட்டகைகள் எழும்பின. விலையுயர்ந்த இயந்திரம் எதையும் கொண்டுவந்து இறக்காமல், தோப்பில் கிடைக்கும் கயிற்றுப் பையை வைத்தே காரியத்தை முடித்ததற்காகவே அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். நமக்குத்தான் சிலை வைப்பதில் வேறு அளவுகோல்கள் இருக்கின்றனவே.

அந்த எண்ணெய் தோல் பதனிடப் போனது, சோப்பாகவும் போனது. இன்றும் வேளாண் பல்கலைக்கழகத்தார் மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பைத்தான் சொல்கிறார்கள்: லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம். இரண்டாம் உலகப் போரில் நார்வேயிலிருந்து காட் மீன் ஈரல் எண்ணெய் வருவது நின்றபோது, சென்னை அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்துக் கொடுத்தது. அந்தத் தலைமுறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் குடித்த குழந்தைகள் இன்றைக்குக் கொள்ளுத்தாத்தா வயதில் இருப்பார்கள்.

நிக்கல்சனுக்கு அடுத்து மீன்வளத் துறைக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல், நாயுடு என்ற உதவியாளரோடு சேர்ந்து மத்தியின் வாழ்க்கை வரலாற்றையே எழுதினார், 1924இல். அது எதைத் தின்கிறது, எப்போது கொழுக்கிறது என்று வயிற்றைக் கிழித்துப் பார்த்து எழுதினார்கள். மழை ஓய்ந்து நுண்பாசி பெருகும்போது மத்தி கொழுக்கிறது. அப்போது பிடித்த மத்தியில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கும் மேல் ஒமேகா-3 இருக்கும். டப்பாக் கணக்கில் மூன்று மாத்திரைக்கு மேல். வைட்டமின் டியும் அதிலேயே கொஞ்சம் உண்டு. முள்ளை மென்றால் கால்சியம்.

ஆனால் நம் வீட்டு விருந்தில் வஞ்சிரம் இல்லாவிட்டால் சம்பந்தி கோபித்துக்கொள்வார். என் வஞ்சிர விரோதம் புதிதல்ல. ஓட்டல் அட்டையில் 'மீன்' என்றால் வஞ்சிரம் என்றே ஆகிவிட்டதைப் பற்றி இங்கே முன்பே அழுதிருக்கிறேன். கிலோ ஆயிரத்தைத் தாண்டினாலும் வஞ்சிரம் வறுவல்தான் கௌரவம். மத்தி வாங்கினால் மீன்காரம்மாவே "வீட்டுல பூனை இருக்கா?" என்கிறாள். இங்கே மதிப்பில்லாத அந்த மீன் மங்களூர், உடுப்பிப் பக்கத்து ஆலைகளில் தூளாகவும் எண்ணெயாகவும் பிரிந்து, இறால் பண்ணைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது.

என் அம்மா சாளை கழுவுவது தனி அழகு. செதிலை உரசி எடுத்து, கல்லுப்பு போட்டு மண்சட்டியில் சுழற்றுவாள். தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடமாட்டாள். முழங்கை வரை செதில் ஒட்டி மினுங்கும். தேங்காயும் நல்லமிளகும் அரைத்து, மாங்காய் கிடைக்கும் நாளில் மாங்காய் போட்டு அவியல் வைப்பாள். கூட மரச்சீனிக் கிழங்கு. நெய்ச்சாளை என்றால் குழம்பின் மேல் பொன்னிறத்தில் எண்ணெய் மிதக்கும். அதைக் கரண்டியால் ஒதுக்கி அப்பா தட்டில் ஊற்றுவாள். நாங்கள் சண்டை போடுவோம்.

எப்போதும் கிடைக்கும் என்று நம்பவும் முடியாத மீன் அது. 1940களில் ஒருமுறை காணாமல்போனது. கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, கேரளத்தில் 2012இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிய மத்தி 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. 2024 ஜூலையில் கிலோ 400 ரூபாய். அந்த ஆண்டு முடிவதற்குள் குஞ்சு மத்தி கூட்டம்கூட்டமாக வந்து 20, 30 ரூபாய்க்கு விழுந்தது. கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. விரல் நீளச் சாளையைக் கூறு கட்டி மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் எண்ணெயும் இருக்காது, வாயில் முள்தான் மிஞ்சும். கொழுத்ததாக, கண் தெளிந்ததாக, வயிறு உடையாததாகப் பார்த்து வாங்குங்கள். வறுக்காதீர்கள்; குழம்பு வையுங்கள், மறுநாளைக்கும் எடுத்து வையுங்கள்.